செய்முறையோடு வேண்டும்

2007 பெப்ரவரி 6

மழை. கொழும்பிலிருந்து பதிவுத் தபாலில் இன்னொரு விண்ணப்பம். இந்த மலைநாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயனம் படிப்பிப்பது போதாதென்று ஆக்கவுரிமை கேட்டு வரும் மருந்துச் சேர்வைகளைப் பரிசீலிக்கும் வேலையையும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். யார் கேட்டது? நானே ஓம் என்றேன்.

வேலை என்னவோ எளிதுதான். ஒரு கம்பனி புதிய மருந்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும். இருபது வருடத்துக்கு வேறு ஒருவரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று கேட்கும். அது உண்மையிலேயே புதியதா, இல்லை துறை தெரிந்த எவனும் தானாக எட்டக்கூடிய அடுத்த படிதானா என்று நான் பார்த்து எழுத வேண்டும். இதற்கு முன் உலகத்தில் எங்கேயாவது, யாராவது, எந்த மொழியிலாவது வெளிப்படையாக எழுதியிருந்தால் அது புதியதல்ல. அவ்வளவுதான் சட்டம்.

நான் கோரிக்கைகளைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசிப்பேன். முதலாவது கோரிக்கையில் உலகத்தையே கேட்பார்கள். மூலக்கூறு வளையத்தின் இந்த மூலையில் எது ஒட்டியிருந்தாலும் எனக்கு, அந்த மூலையில் எது ஒட்டியிருந்தாலும் எனக்கு. உண்மையில் செய்து பார்த்த சேர்வை கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் குந்தியிருக்கும்.

இந்த முறை மணல் ஈ கடித்து வரும் ஆறாத புண்ணுக்கு மருந்து. வன்னிக் காட்டில் நிற்கும் ஆமிக்காரர்களுக்கு இப்போது அந்தப் புண்தான் பெரிய கரைச்சல். கம்பனிக்காரன் சும்மாவா வருவான்?

பெப்ரவரி 9

பதினோராவது கோரிக்கை. இந்த வளையத்தை நான் பார்த்திருக்கிறேன்.

விமலநாதன்! யாழ்ப்பாணத்தில் நான் விரிவுரையாளராக இருந்த காலத்தில் பக்கத்து ஆய்வுகூடம் அவருடையது. 86இல் விஞ்ஞானச் சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் இதே சேர்வையைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். தமிழில். இங்கிலிசில் எழுதி வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பும்படி எல்லோரும் சொன்னோம். "என்ரை சனத்துக்கு விளங்கினாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். நான் முன்வரிசையில் இருந்து சிரித்தேன்.

எனக்கு அந்த மனிதரைக் கண்ணில் காட்டக் கூடாது. தற்பெருமை, சிடுசிடுப்பு. கேட்காமலே என் அமிலப் போத்தல்களை எடுத்துக்கொண்டு போவார், வெறும் போத்தலாகத் திரும்பி வரும். 95இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது சாவகச்சேரியில் நெஞ்சுவலி வந்து செத்துப் போனார் என்று கேள்விப்பட்டபோதுகூட நான் அழவில்லை. ஆனாலும் இந்தச் சேர்வையைச் செய்தவர் அவர்தான்.

பெப்ரவரி 21

கணினியில் எல்லா இடமும் தேடினேன். வளாக நூலகத்தில் ஆய்வுக் கட்டுரைகளின் தடித்த சுருக்கத் தொகுதிகளையும் புரட்டினேன். ஜேர்மன், ஜப்பான், ரஷ்யா எல்லாம் இருக்கிறது. தமிழில் வாசித்த கட்டுரையை யார் பதிந்து வைக்கப் போகிறார்கள்?

கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன். ஆக்கவுரிமை அலுவலகத்துப் பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். "டொக்டர் செசிலியா, உங்கள் ஞாபகம் ஆதாரமாகாது. ஆவணம் வேண்டும். பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்ததென்று காட்டும் திகதி வேண்டும்." அவர் சொன்னது சரி. வேறொருவர் இப்படி வந்து கேட்டால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

மார்ச் 4

சங்கம் அந்த வருடத்துக் கட்டுரைகளைப் புத்தகமாக அடித்தது. ஒரு பிரதி யாழ்ப்பாணத்தில் சங்கத்து நூலக அலுமாரியில், வந்த திகதி முத்திரையோடு இருக்கிறதாம். பார்த்துச் சொன்னவன் யோகேந்திரன். இங்கே என்னிடம் படித்தவன், இப்போது அங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். நோர்வேயில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜூன் கடைசியில் கொழும்பில் தூதரக நேர்முகம். அவ்வளவு கெட்டிக்காரன், இவ்வளவு காலமும் சோக்கைப் பிடித்துக்கொண்டு கரும்பலகையடியில் நின்றான். இப்போதாவது விடிந்ததே.

யாழ்ப்பாணத்துக்குச் சாமான் போகும் ஏ-ஒன்பது பாதை பூட்டியபடியால் அங்கே போட்டோக் கொப்பிக்கு மை கிடையாதாம். கையால் எழுதி, நூலகரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கப்பல் பிடித்துக் கொழும்புக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னான்.

"பெயரும் படமும் காணும்தானே மிஸ்?"

"காணாது. செய்முறையோடு வேணும். எந்த அமிலம், எவ்வளவு, என்ன சூடு, ஒண்டும் விடாதை."

"ஓம் மிஸ்."

நான் சும்மா சொல்லவில்லை. பெயரை மட்டும் எழுதி வைத்தால் சட்டம் கணக்கில் எடுக்காது. பழைய ஆவணத்தைப் பார்த்து இன்னொருவன் அந்தச் சேர்வையைச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் விமலநாதனுடையது முந்தியது ஆகும். இல்லாவிட்டால் வெறும் பேச்சு.

மார்ச் 30

அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன். பதினோராவது கோரிக்கை புதியதல்ல, ஆவணம் ஜூனில் வரும் என்று. விமலநாதனின் பெயரை முதன்முறையாக ஒரு அரசாங்கக் கடதாசியில் தட்டச்சு செய்தேன். மனுசன் இருந்திருந்தால் நன்றி சொல்லியிருக்க மாட்டார். ஒரு வரியில் எழுத்துப் பிழை கண்டுபிடித்திருப்பார்.

ஜூன் 7

காலையில் கீழ்வீட்டு ஹபீலா படியேறி ஓடி வந்தார். "டீச்சர், டீவிய பாருங்க. கொழும்புல லொட்ஜ்ல ஈந்த தமிழ் ஆக்கள எல்லாம் பொலிஸ்காரங்க பஸ்ல ஏத்தி வடக்குக்கு அனுப்புறாங்க."

யோகேந்திரன் வெள்ளவத்தையில் லொட்ஜில் நிற்கிறான். திங்கட்கிழமைதான் வந்து சேர்ந்தான். அவனுடைய போனில் மணி போகிறது, எடுக்கிறானில்லை.

ஜூன் 9

பஸ்ஸில் ஏற்றியவர்களைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டதாம். அப்படியென்றால் அவனும் வந்துவிடுவான். வந்துவிடுவான்.

ஜூன் 10

அவனுடைய தாய் பத்மாதேவி யாழ்ப்பாணத்திலிருந்து பேசினா. லொட்ஜில் நின்ற யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மற்றவையை பஸ்ஸிலை ஏத்தினவங்கள். இவனை மட்டும் வேறை வாகனத்திலை கொண்டு போனவங்களாம். பையுக்கை ஏதோ கடதாசி இருந்ததாம். என்ன கடதாசி டீச்சர்?"

நான் தெரியாது என்றேன்.

ஜூன் 11

தெரியாது என்று சொன்னேனே! அந்தத் தாயிடம் — தெரியாது என்று —

யாழ்ப்பாணத்துப் பெடியன். பைக்குள் தமிழில் கையெழுத்து. வளையப் படங்கள். செறிந்த நைத்திரிக்கமிலம், எவ்வளவு, எத்தனை பாகை சூடு, எவ்வளவு நேரம் கலக்குவது. அதன் மேல் ஒரு முத்திரை. எந்தப் பொலிஸ்காரன் அதைப் பார்த்து மருந்து என்று நினைப்பான்? முதலாம் வருடத்துப் பிள்ளைக்கும் தெரியும் நைத்திரேற்றம் என்றால் வெடிமருந்தும் செய்யலாம் என்று. எனக்கு மட்டும் ஏன் அது படவில்லை? பெயரும் படமும் காணுமா என்று கேட்டவன் அவன். காணாது என்றவள் நான்.

எனக்குச் சட்டம்தான் கண்ணில் நின்றது. பாழாய்ப் போன சட்டம்.

ஜூன் 14

ஹபீலாவின் தம்பி பஹ்மி சட்டத்தரணி. அலவத்துகொடையிலிருந்து வந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். யோகேந்திரனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வைத்திருக்கிறார்களாம். நானே போய் விளக்குகிறேன் என்றேன்.

"டீச்சர், பொலிசுக்கு கெமிஸ்ட்ரி படிச்சுக் குடுக்கப் போகாதீங்க. நீங்க வாய் தொறந்தா ரெண்டு பேரையும் உள்ள போடுவான். அந்த ஒபீஸ்ல ஒரு கடிதம் எடுங்க. இது எங்கட வேலைக்கு வந்த கடதாசிதான்னு அவங்க செல்லட்டும்."

ஜூன் 19

கொழும்பு. கடுகண்ணாவைச் சோதனைச்சாவடியில் ஒரு தடவை, அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பஸ்ஸை விட்டு இறங்கி அடையாள அட்டையைக் காட்டினேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் ஒவ்வொருவனும் என் முகத்தை இரண்டாம் முறை பார்த்தான்.

அலுவலகத்துப் பெண்மணி கதிரை தந்தார், தேநீர் தந்தார். பிறகு சொன்னார். விண்ணப்பம் இரகசியம். வெளியாள் ஒருவரை அதற்காக அனுப்ப எனக்கு அதிகாரமில்லை என்று. விண்ணப்பத்தைப் பற்றி அவனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை, பழைய கட்டுரை ஒன்றைத்தான் கேட்டேன் என்றேன். "எங்களுக்கு விளங்குகிறது டொக்டர். கடிதம் தருகிறோம். ஆனால் கடிதம் தந்தால் நீங்கள் விதியை மீறியதாக நாங்களே எழுதிக் கொடுத்ததாகும். அதன் பிறகு உங்கள் அறிக்கையை வைத்திருக்க முடியாது. நீங்களாகவே மீளப் பெற்றால் நல்லது."

அவர் கெட்டவர் இல்லை. கண்கூடக் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

விமலநாதனா, யோகேந்திரனா? செத்தவரின் பெயரா, உயிரோடு இருப்பவனா? யோசிக்க என்ன இருக்கிறது, கையெழுத்துப் போட்டேன். மீளப் பெறுகிறேன் என்று. கடிதத்தைக் கூட வந்த பஹ்மி உடனேயே பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஜூன் 28

இன்று அவனுடைய நேர்முகம்.

ஓகஸ்ட் 27

பெரஹர ஊர்வலம். ஊர் முழுக்க மேளச் சத்தம். ஹபீலா வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிடுங்க டீச்சர், மெலிஞ்சு போய்ட்டீங்க" என்றார். வீட்டுக்குப் பொலிஸ்காரர் வந்து என்னுடைய விபரங்களைப் பதிந்துகொண்டு போனதை அவர் கீழிருந்து பார்த்திருக்கிறார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பத்மாதேவி இப்போது என்னிடம் பேசுவதில்லை. பஹ்மியிடம் மட்டும்தான் பேசுகிறா. என்ன கடதாசி என்று அவவுக்கு இப்போது தெரியும்.

நவம்பர் 13

விட்டுவிட்டார்கள்! வழக்கில்லை. பஹ்மி போன் பண்ணியபோது நான் விரிவுரை மண்டபத்து வாசலில் நின்றேன். அங்கேயே படியில் இருந்து அழுதேன். பிள்ளைகள் விலகிப் போனார்கள்.

நோர்வே இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டதாம்.

2008 மார்ச் 18

விண்ணப்பத்தை இன்னொரு பரிசீலகரிடம் கொடுத்திருந்தார்கள். யாரென்று தெரியாது. என்னிடமே படித்தவராக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். நான் தேடிய இடமெல்லாம் தேடியிருப்பார், நன்றாகவே தேடியிருப்பார். ஒன்றும் கிடைத்திருக்காது. பதினொரு கோரிக்கையும் புதியது. ஆக்கவுரிமை வழங்கப்பட்டுவிட்டது.

விமலநாதனே, உமது சனத்துக்கு விளங்கியது காணும்தானே?

ஏப்ரில் 26

யோகேந்திரன் வந்தான். நுவரெலியாவில் உறவினர் வீட்டில் நிற்கிறானாம், யாழ்ப்பாணம் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. தலை பாதி நரைத்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை வலக்கையால் மட்டும் எடுத்தான், இடக்கை மடியிலேயே கிடந்தது. எனக்குக் கேட்கத் துணிவில்லை.

பஹ்மியும் வந்திருந்தார். வழக்குக் கோப்பின் பிரதி ஒருவழியாகக் கைக்கு வந்திருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், ஒங்கட கடிதத்த ஒருத்தனும் வாசிக்கவே இல்ல. கோப்புக்குள்ள போட்டதோட சரி. இவர விட்டது இதாலதான், பாருங்க."

அரசாங்கத்து இரசாயனக்காரர் ஒருவர் கொடுத்த அறிக்கை. யோகேந்திரன் கொண்டுவந்த கடதாசிகளைச் சிங்களத்தில் மொழிபெயர்ப்பித்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு படியையும் பார்த்திருக்கிறார். நல்ல வேலைக்காரன், குறை சொல்ல முடியாது. முடிவு இப்படி: இது வெடிபொருள் அல்ல. 1986ஆம் ஆண்டிலேயே செய்முறையோடு வெளியிடப்பட்ட, ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு மருந்துச் சேர்வை.

வாசித்து முடித்துவிட்டுச் சிரித்தேன். என்னால் நிற்பாட்ட முடியவில்லை. ஹபீலா தண்ணீர் கொண்டு ஓடி வந்தார். ஒரு அரசாங்கக் கந்தோர் இதைப் பழையது என்று சொல்லி அவனை விடுகிறது. அதே அரசாங்கத்தின் இன்னொரு கந்தோர் இதைப் புதியது என்று சொல்லிக் கம்பனிக்குக் கொடுக்கிறது. நான் மீளப் பெற்றேனே, அந்த அறிக்கையில் எழுதியதும் இதே வசனம்தான். நான் மீளப் பெறாமல் விட்டிருந்தாலும் அவனை விட்டிருப்பார்கள்.

"இத வெச்சு வழக்குப் போடலாம் டீச்சர்," என்றார் பஹ்மி. "ஆக்கவுரிமைய ரத்துப் பண்ண வைக்கலாம். பாதை பூட்டினதால புத்தகத்த இப்ப எடுக்க ஏலா, அதனால ஒன்டுதான் வேணும். அலுமாரியில புத்தகத்தக் கண்டு, கையால எழுதினது நான்தான்னு இவர் கோட்டுல வந்து செல்லணும்."

யோகேந்திரன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மிஸ், அந்தச் செய்முறையை எத்தனை தரம் சொல்ல வைச்சவங்கள் தெரியுமே? தலைகீழாய்ச் சொல்லச் சொன்னவங்கள். இப்ப நித்திரையிலையும் சொல்லுறனாம், மாமி சொன்னவ." பிறகு பஹ்மியிடம் திரும்பினான். "நான் இனி ஒரு கடதாசியும் காவிக்கொண்டு திரிய மாட்டன்."

பஹ்மி என்னைப் பார்த்தார். நான் சொன்னால் அவன் கேட்பான் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். முன்பு ஒருமுறை ஓம் மிஸ் என்றவன்தானே.

நான் இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினேன். பிறகு கம்பளையால் நுவரெலியா போகும் பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்டு வந்தேன்.

2009 ஜூன் 3

போர் முடிந்துவிட்டதாம். நகரத்தில் இன்னும் கொடிகள். அந்த மருந்தும் கடைக்கு வந்துவிட்டது, தெருமுனைப் பாமசியில் கம்பனியின் பெயரோடு விளம்பரம் ஒட்டியிருக்கிறது.

இன்று முதலாம் வருடத்தாருக்கு நைத்திரேற்றம். ஒவ்வொரு வருடமும் எடுக்கிற பாடம்தான். கரும்பலகையில் இடப்பக்கம் ஒரு வளையம் வரைந்தேன், வலப்பக்கம் மற்றது, நடுவில் அம்புக்குறி. அம்புக்குறிக்கு மேலே எந்த அமிலம், எவ்வளவு, என்ன சூடு என்று எழுத வேண்டும்.

ஒன்றும் எழுதாமல் சோக்கை வைத்துவிட்டுக் கையிலிருந்த தூளைத் தட்டினேன். பின்வரிசையில் தமிழ்ப் பெடியன் ஒருவன், வவுனியாப் பக்கம், கொப்பியில் அதை அப்படியே கீறிக்கொண்டிருந்தான். வளையம், அம்புக்குறி, வளையம். செய்முறையை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த பாடத்துக்குப் போனேன்.