கீழ்ப்பக்கக் கட்டி

ஜூன் 12, வியாழன்

இல்லை, பொய் சொல்லவில்லை. படித்ததைத்தான் அம்மாவிடம் சொன்னேன். அப்பாவின் இரைப்பைப் புற்றுநோய் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே வருவது பெரும்பாலும் ஒரே கட்டியாகச் சேர்ந்து வளரும் வகை, பாதி இரைப்பையை எடுத்தால் போதும் என்று. திசுப் பரிசோதனை முடிவு வருமுன் சொன்னதுதான் தப்பு. அம்மா அன்றைக்கே தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நன்றி ஜெபம்.

இன்று பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் அறிக்கையைக் காட்டினார். இடம் கீழ்ப்பக்கம்தான். ஆனால் வகை வேறு. செல்கள் தனித்தனியாகச் சிதறி, இரைப்பைச் சுவருக்குள்ளேயே பரவுவது.

"முழுசா எடுக்க வேண்டி வரலாம். இடத்த மட்டும் வச்சு வகைய முடிவு பண்ண ஏலாது, தங்கச்சி."

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"கேம்பஸ் படிச்ச புள்ள, மூஞ்சிய ஏன் தொங்கப்போட்டிருக்க? அம்மாகிட்ட நீயே சொல்லிரு. ஜெபத்துக்குக் கேக்கு வேற சொல்லி வச்சிருக்கா."

சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வந்து சேர்ந்தோம்.

அம்மா அடுப்படியில் ஞாயிறு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணுகிறாள். டாக்டரின் பெயரையும் ஜெபத்தில் சேர்க்கவேண்டுமாம்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அவளிடம் போகிறேன்.