பனிக்கடியில் தாட்ட மின்னல்

அன்புள்ள பெறாமகளே,

பிள்ளையாரே இறங்கி வந்து சாட்சி சொன்னாலும் ஒருவரும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

மின்னல் மூட்டிய காட்டுத்தீ மக்கிய மண்ணுக்குள் இறங்கி, பனிக்கடியில் குளிர்காலம் முழுவதும் உயிரோடு கிடக்கும் என்று யூக்கொனிலிருந்து எழுதியிருந்தாய். அதெப்படி அணையாமல் கிடக்கிறது? நானும் ஆராய்ச்சியில் இறங்கினேன். போன ஆவணியில் ஒரு மின்னலைப் புட்டுக்குழலால் பிடித்து, இங்கே ஸ்ரௌவ்வில் ஊரில் என் வீட்டு வளவில் குழி வெட்டித் தாட்டுவிட்டேன். மார்கழிப் பனிக்குள் கத்தரி காய்த்தது! அயலவர்கள் கதிரையோடு வந்து குளிர்காய்ந்தார்கள்.

நீ மருத்துவப் படிப்பை விட்டுக் காட்டுத்தீயை ஆராய வடக்கே போனதிலிருந்து உன் பேரையே எடுக்காத உன் அப்பாவும் போன கிழமை வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

“உனக்கு விசரடா” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உவள் நிக்கிற பக்கம் இப்ப நெருப்போ?” என்று கேட்டார்.

“நீங்களே கேளுங்கோவன், அண்ணை.”

போனை எடுத்தார். திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

மின்னல் பொய். கத்தரிக்காய் பொய். குளிர்காய்ந்தவர்களும் பொய். உன் அப்பா கேட்ட கேள்வி மட்டும் உண்மை. பதிலை எனக்கு எழுதாதே, அவருக்கு எழுது.

இப்படிக்கு,
உன் புளுகுச் சித்தப்பா