வெந்நீரில் போட்ட கம்பளிக் கோட்டு

திருப்பதி
9-8-1956

நைனாவுக்கு மகன் திருமலை வணங்கி எழுதுவது. அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் சுகமாக இருக்கிறேன்.

நேற்று எங்கள் சலவைக் கடையில் ஒரு சின்ன சங்கதி. போலீஸ் அதிகாரி ஒருவர் கம்பளிக் கோட்டைப் போட்டுவிட்டுப் போனார். அவர் எதிரிலேயே பைகளைப் பார்த்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். பிறகு பார்த்தால் உள்பையில் பேனா மையில் எழுதிய ஒரு பட்டியல். நகரியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லை மறியலுக்குப் போன நம் ஊர்க்காரர்களின் பெயர்கள். மூன்றாவது உங்கள் பெயர்.

கம்பளிக்குப் பெட்ரோல் வாஷ்தான் வழக்கம், அதில் அந்த மை அழியாது; தண்ணீரில்தான் கரையும். கிழித்துப் போட்டால் காகிதம் எங்கே என்று என்னைத்தான் கேட்பார். அதனால் அதைப் பையிலேயே வைத்து, கோட்டோடு வெந்நீர்த் தொட்டியில் முக்கிவிட்டேன்.

“கம்பளியப் போயி வெந்நீர்ல போட்டுகினு நிக்கிறியே, புத்தி கீதா உனக்கு?” என்று முதலாளி கத்தினார். கோட்டை எடுத்துப் பிழிந்தேன், பட்டியல் கூழாகியிருந்தது. கோட்டின் கை ஒரு சாண் ஏறிவிட்டது.

தபாலில் போடப் பயம். திருச்சானூர் கோயிலுக்கு வந்த நம் தெரு கன்னியம்மாள் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடுங்கள். இன்றைக்கே அரக்கோணம் மாமா வீட்டுக்குப் போய்விடுங்கள். இந்தப் பக்கம் யாராவது வந்தால் அம்மாவை ஊறுகாய் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

அக்கா கிளம்ப நிற்கிறாள். ஐந்து மணிக்குக் கோட்டை வாங்க அந்த அதிகாரி வருவார், கவுண்டரில் நான்தான் நிற்க வேண்டும். பட்டியலுக்கு வேறு நகல் இருக்கிறதா என்பது அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

திருமலை