வில்டாவின் குறிமுள்

ஆகஸ்ட் 2, செவ்வாய்

வில்டாவை ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கென்டக்கியில் இருக்கும் அவள் அக்கா ஓப்பல் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். ஓப்பலுக்கு முழங்கால் அறுவை நடந்திருக்கிறது. அவள் எழுந்து நடக்கும்வரை, இரண்டு வாரம், இவள் துணைக்கு. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்: தக்காளிக்குத் தண்ணீர் விடு, பீன்ஸை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடாதே, எதையும் நோண்டாதே. கடைசியைமட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிப் பேருந்துப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் இந்தக் கைகளுக்கு வேலையில்லை. என் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்தேன். ஞாயிறுதான் துடைத்திருந்தேன். கொல்லைக் கதவின் கீல் கிரீச்சிட்டது, அதையும் சரிசெய்தேன். இப்போது கதவு தானாகவே திறந்துகொள்கிறது.

ஆகஸ்ட் 4

பீன்ஸ் கரிந்துவிட்டது. சட்டியும்தான்.

ஆகஸ்ட் 6, சனி

பழங்காலத் துப்பாக்கி சுடும் எங்கள் கழகத்தில் மானம் போயிற்று. குழலுக்குள் வெடிமருந்தைக் கொட்டாமலே, ஈயக் குண்டை எண்ணெய்த் துணியில் வைத்துக் கோலால் அடிவரை இடித்து இறக்கிவிட்டேன். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் பொறி கக்கியது, பொறி விழும் கிண்ணத்தில் ஒரு சின்னப் புகை, அவ்வளவுதான். எங்கள் கழகத்தில் மருந்தை மறந்தவன் கம்பத்தில் தொங்கும் மாட்டு மணியை எல்லார் முன்னாலும் போய் அடிக்க வேண்டும். அடித்தேன்.

"ஏம்பா எமெட், பொண்டாட்டி ஊருக்குப் போனா மருந்தும் கூடவே கிளம்பிடுச்சா?" என்றான் பர்ல். எல்லாரும் சிரித்தார்கள். பர்ல்தான் இந்த வருஷம் கழகத் தலைவன். சிறுவயதில் வில்டாவுக்கு அடுத்த வீட்டுக்காரன் என்பதால் எனக்கு மச்சான்போல நடந்துகொள்வான்.

செப்டம்பர் 10-ந் தேதி தம்பதியர் போட்டி. கணவன் மருந்தும் குண்டும் கெட்டித்துக் கொடுக்க, மனைவி சுட வேண்டும். அடிமரத்தில் ஒரு கோடாலி, கூர்விளிம்பு நம்மைப் பார்த்தபடி நிற்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு களிமண் தட்டு. குண்டு விளிம்பில் பட்டு இரண்டாகப் பிளந்து, தட்டு இரண்டையும் உடைக்க வேண்டும். போன மூன்று வருஷமும் எங்களுக்கு ஒரு தட்டுதான் உடைந்தது. ஏன்? இவ்வளவு நன்றாகச் சுடுகிறவளுக்கு ஏன் அப்படி?

ஆகஸ்ட் 9

வில்டாவின் துப்பாக்கிக்கு எண்ணெய் போடத்தான் எடுத்தேன். சத்தியமாக. எடுத்ததுதான் எடுத்தோம் என்று கொட்டகைக்குப் பின்னால் கறுப்பு வட்டம் போட்ட தாளைக் கட்டி மூன்று குண்டு சுட்டேன். மூன்றும் நடுவுக்கு இரண்டு விரல் கீழே.

காரணம் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. குழல் நுனியில் நிற்கிற வெள்ளிக் குறிமுள் ரொம்ப உயரம். முள் உயர்ந்தால் குண்டு தாழும். அரத்தால் கொஞ்சம் தேய்த்தால் குண்டு ஏறிவிடும். இத்தனை வருஷம் இந்தக் குறையோடா இவள் மல்லுக்கட்டினாள்? பாவம்!

நோண்டாதே என்றாள்தான். ஆனால் இது நோண்டுவது இல்லையே. சரிசெய்வது.

ஆகஸ்ட் 10

தேய்த்தேன், சுட்டேன், மறுபடி தேய்த்தேன். சாயங்காலம் மூன்று குண்டும் கறுப்பு வட்டத்தின் நட்ட நடுவில், ஒரே ஓட்டையாக. இரவுச் சாப்பாட்டுக்குத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

அவள் வரும்வரை பொறுத்திருக்கலாம். வாய் பொறுக்கவில்லை. தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் ஓப்பலின் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. பிறகு, "தேய்ச்சிட்டியா?" என்றாள்.

"ரொம்ப இல்ல வில்டா, ஒரு மயிரிழைதான். இப்ப பாரு, நட்ட நடுவுல..."

"தேய்ச்சது திரும்ப வளருமா எமெட்?"

வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 13

மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் ஓப்பல்தான் எடுத்தாள். முதலில் வில்டா தலைக்குக் குளிக்கிறாள் என்றாள். அடுத்ததும் அதே. மூன்றாவது முறை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஒருத்தி ஒரே நாள்ல எத்தனை தடவதான் தலைக்குக் குளிப்பா, நீயே சொல்லு எமெட். கொஞ்சம் விடேன்."

ஆகஸ்ட் 16

இரண்டு வாரம் முடிந்தது. ஓப்பல் கடைக்குப் போய்வரும் அளவுக்கு நடக்கிறாளாம். வில்டா வரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்" என்று அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்கு நேராகச் சொல்லக்கூட இல்லை.

ஒரு முள்ளுக்காகவா? நல்லதுதானே பண்ணேன்? நாசமாவா பண்ணிட்டேன்? எவன் பொண்டாட்டி துப்பாக்கிய இவ்ளோ அக்கறையா பாத்துக்குவான்? அடுப்படிக்கும் கொட்டகைக்கும் நடந்து நடந்து கால் வலிக்குது. ரெண்டு இடத்துலயும் அவ இல்ல.

ஆகஸ்ட் 20, சனி

கழகத்தின் சுடுகளத்தில் பர்லிடம் சொன்னேன். என் பக்கம் பேசுவான் என்று நினைத்தேன். சுட வந்தவன் துப்பாக்கியைத் தாங்கியில் சாய்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"அந்த முள்ளையா தேய்ச்ச? அட மடையா. அத யாரு வச்சான்னு தெரியுமா?"

"வாங்கினப்பவே இருந்திருக்கும்."

"அவளேதான் வச்சா. இதே களத்துல. உன்னைப் பாக்குறதுக்கு முந்தி. ஒரு குண்டு சுடுவா, ரெண்டு இழுப்பு தேய்ப்பா, திரும்பச் சுடுவா. காலைல ஆரம்பிச்சது, எங்கம்மா சாப்பிடக் கூப்பிட்டும் வரல. நான்தான் தாள் மாத்தி மாத்திக் குடுத்தேன்."

என்னிடம் அவள் சொன்னதே இல்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ?

ஆகஸ்ட் 24, புதன்

துப்பாக்கியோடு பாலத்தைத் தாண்டிப் போனேன். ஓப்பல் வீட்டு வாசற்படியில் வில்டா உட்கார்ந்து சோளக் கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"நீதான் தேய்ச்சு வச்சேன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

"நான் தேய்ச்சதா இல்லாட்டி பரவாயில்லையா?"

குண்டு கீழே போனதைத் திரும்பச் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ நடுவுல குறி வச்சா கீழதான் போகும். நான் கறுப்பு வட்டத்தோட மேல்விளிம்புல வைப்பேன். வெள்ளி முள் கறுப்பு மேல பளிச்சுன்னு தெரியும், விளிம்புல என் கண்ணு நிக்கும், குண்டு நடுவுல போய் விழும். முப்பது வருஷமா பக்கத்துல நின்னு கெட்டிச்சுக் குடுக்குறியே, எங்க குறி வைக்கிறேன்னு ஒரு தடவை கேட்டிருக்கியா?"

"தட்டு ஒண்ணுதானே உடைஞ்சுது..."

"ஒரு தட்டு உடைஞ்சா குண்டு பக்கவாட்டுல போகுதுன்னு அர்த்தம். மேலயும் கீழயும் இல்ல. பேருந்து ரிப்பேர் பண்ணவனுக்கு இது புரிஞ்சிருக்கணும்."

உள்ளேயிருந்து ஓப்பல் சிரித்தது கேட்டது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தையல் இயந்திரத்தின் மிதியை நான் மாற்றியபின் வில்டா தைப்பதையே விட்டுவிட்டாளாம். சமையல் அலமாரியை நான் உயர்த்தியபின் முக்காலி போட்டு ஏறுகிறாளாம். எல்லாம் மெதுவாகச் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"அந்த வீட்டுல எதை வச்சாலும் அடுத்த நாள் அது என்னுது மாதிரி இல்ல எமெட். நான் இங்கயே இருந்துடலாமான்னு பாக்குறேன்."

துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். பாலத்தில் வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. பயமாக இருக்கிறது. அவள் சொன்னால் செய்கிறவள்.

ஆகஸ்ட் 28

பழைய முள்ளை, குழலில் அது செருகியிருக்கும் காடியிலிருந்து தட்டிக் கழற்றினேன். உடைந்த வெள்ளிக் கரண்டியின் காம்பில் புதிது வெட்டி, பழைய உயரத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். பழைய உயரம் என்ன? அளக்காமல்தானே தேய்த்தேன். முதலாவதைத் தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே போனேன், பாழ். இரண்டாவதும் பாழ். கரண்டிக் காம்பு தீரப்போகிறது.

ஆகஸ்ட் 31

யார் கண்ணுக்காகத் தேய்க்கிறேன்? என் கண்ணுக்குத்தானே. அவள் கண் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

செப்டம்பர் 3, சனி

மூன்றாவது முள்ளை வெட்டிக் காடியில் இறக்கினேன். வேண்டியதைவிட இரட்டிப்பு உயரம், அசிங்கமாக நிற்கிறது. அப்படியே விட்டுவிட்டேன். அரத்தைக் கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியைப் பர்லிடம் கொடுத்தேன். "பைத்தியம் முத்திடுச்சு" என்றான். ஆனால் வாங்கிக்கொண்டான்.

தொலைபேசியை வில்டாவே எடுத்தாள். முள்ளை உயரமாக விட்டிருக்கிறேன், நீ பக்கத்தில் நிற்காமல் அதைத் தொடமாட்டேன் என்றேன். "ம்" என்றாள். வைத்தபிறகு, அந்த 'ம்'மை எத்தனை விதமாகத்தான் சொல்லிப் பார்ப்பது?

செப்டம்பர் 10, சனி

தம்பதியர் போட்டி. வில்டா வரவில்லை. வருகிறேன் என்று சொல்லவும் இல்லை, ஆனாலும் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். மூத்த ஜோடி நாங்கள்தான் என்று பெயரை முதலில் கூப்பிட்டார்கள். கையை உயர்த்தி இல்லை என்று சைகை காட்டினேன். பர்லும் அவன் மனைவியும் இரண்டு தட்டையும் உடைத்தார்கள். பரிசாகக் கிடைத்த பீச் பழக் கேக்கில் ஒரு துண்டைப் பர்ல் கொண்டுவந்து கொடுத்தான். கிண்டல் எதுவும் பண்ணவில்லை, அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 15, வியாழன்

காலையில் வில்டா கூப்பிட்டாள். "மூணு மணிக்குக் களத்துக்கு வா. அரத்தையும் எடுத்துட்டு வா." பர்லைத் தேடிப்பிடித்துச் சாவி வாங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

களத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. ஓப்பல்தான் வண்டி ஓட்டிவந்தாள். வில்டாவின் பையைத் தூக்கி என் வண்டியின் பின்னிருக்கையில் போட்டாள். "கூட்டிட்டுப் போப்பா. என் வீட்டுச் சட்டியெல்லாம் இடம் மாத்தி வச்சிட்டா, ஒண்ணும் கைக்குக் கிடைக்கல." வில்டா முறைத்தாள். ஓப்பல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கெட்டித்துக் கொடுத்தேன். வில்டா சுட்டாள். குண்டு தாளுக்கே வரவில்லை, கீழே புல்லில் மண் தெறித்தது. துப்பாக்கியை விசிப்பலகையில் கிடத்தி, "தேய். நான் சொல்றப்ப நிறுத்து" என்றாள். இரண்டு இழுப்பு. நிறுத்தச் சொன்னாள். சுட்டாள். மறுபடி இரண்டு இழுப்பு. நடுவில் ஒருமுறை, அவள் வாய் திறப்பதற்குள் மூன்றாவதாக ஒன்று இழுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். கோபமாக இல்லை. பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

நிழல் நீண்டபோது அவள் குண்டுகள் நடுவில் விழத் தொடங்கின. "போதும்" என்றாள். பிறகு துப்பாக்கியை என்னிடம் நீட்டினாள். "நீயும் ஒண்ணு சுட்டுப் பாரு."

என் பழக்கப்படி நட்ட நடுவில் குறி வைத்துச் சுட்டேன். நடந்துபோய்த் தாளைப் பார்த்தோம். இரண்டு விரல் கீழே.

அவள் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் நாலே இழுப்பு, போய் நடுவில் உட்கார்ந்துவிடும். எனக்குத் தெரியும்.

அரத்தைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன்.