டட்சனின் பழைய ரப்பர் வளையம்

மச்சான்,

இன்று காலை சர்விஸ் ஸ்டேஷனுக்குள் கால் வைத்ததும் சூடான பழைய எஞ்சின் ஒயிலின் வாசம் மூக்கில் ஏறியது. உடனே உன் முகம்தான் வந்தது. யாரையும் நம்பாத அந்த முகம்.

உன் டட்சனைத்தான் கொண்டுபோயிருந்தேன். நாவுலயில் உன் தையல் கடையை இப்போது உன் மனைவி, நம்ம தங்கச்சிதான் நடத்துகிறாள். மாத்தளையிலிருந்து போய் வருவது அந்தக் காரில்தான். "அண்ணே, ஒயில் மாத்தணும். அவர் மாதிரி பக்கத்துலயே நின்னு பாருங்க. எஞ்சின் போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்" என்றாள். உன் சந்தேகத்தைச் சொல்லிச் சொல்லி த்ரீவீல் பார்க்கில் நிற்கிற டிரைவர்களையெல்லாம் சிரிக்க வைத்தவன் நான். என்னைப் போய்க் காவலுக்கு அனுப்புகிறாள்!

சர்விஸுக்கு விடும் முன்னால் தையல் ஊசியால் பழைய ஒயில் ஃபில்டரில் சின்னதாக ஒரு கீறல் போடுவாய். மாற்றிவிட்டோம் என்று சொல்லி அதையே துடைத்துப் பூட்டிவிடுவார்களாம். "என்னா மச்சான், அதுக்கும் பொத்தான் தைக்கிறியா?" என்று கேட்பேன். "நீ சிரி. ரோட்டுல நின்னவன் நான்தானே" என்பாய்.

நின்றவன் நீதான். ஒருநாள் சர்விஸ் முடித்துக்கொண்டு கடைக்குப் போகிற வழியில், பலாபத்வெல தாண்டியதும் ஒயில் லைட் எரிந்தது. இறங்கிப் பார்த்தால் பின்னால் ரோட்டு நெடுக ஒயில். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைப் பார்க்காமல் சர்விஸ்காரன் அதன் மேலேயே புதியதைப் பூட்டிவிட்டிருக்கிறான். இரண்டு வளையமும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் எஞ்சின் இறுகிப் போயிருக்கும். நான் த்ரீவீலில் வந்து இறங்கி, "ரோட்டையே தாளிச்சிட்டியே மச்சான்" என்றேன். நீ சிரிக்கவே இல்லை.

இன்றைக்கு வேலை பார்த்த மெக்கானிக் பாஸ் நல்ல சிரிப்புக்காரன். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. ஒயில் கேனை என் கண் முன்னால் திறக்கச் சொன்னேன். வாங்கி மோந்தும் பார்த்தேன், என்னமோ தெரிந்தவன் மாதிரி. பாஸ் காருக்கு அடியில் இருந்த குழியில் இறங்கி, பழைய ஃபில்டரைக் கழற்றி மூலையில் எறிந்தான். ஓடிப்போய் பொறுக்கினேன். அதன் வாயில் வளையம் இல்லை.

"பாஸ், புதுசைப் பூட்டாதீங்க. இதுல இருந்த ரப்பர் எங்க?"

"கீழ விழுந்திருக்கும்ண்ணே."

"விழுந்திருந்தா எடுத்துக் காட்டுங்க."

"என்னாண்ணே நீங்க, பொலிஸா?"

"பொலிஸ்னா ஒரு டீயோட போயிருவான். நான் த்ரீவீல்காரன், போக மாட்டேன்."

டோர்ச் அடித்துப் பார்த்தான். வளையம் எஞ்சினில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு நின்றது. நகத்தால் உரித்து என் உள்ளங்கையில் வைத்தான். சிரிப்பைக் காணோம். ஒயில் வடிக்கிற கீழ் நட்டை இறுக்க ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகப் போனவன், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் குழாயைக் கீழே வைத்தான். அப்படி முறுக்கித்தானே ஒருமுறை உன் காரில் நட்டின் புரியைத் தேய்த்தார்கள். அந்தக் கோபமும் உன்னுடையதுதான்.

காரை உன் வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் தலையை விட்டேன். ஒரு சொட்டு இல்லை. தங்கச்சி கிளம்பினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் போட்டேன். "லைட் எரியுதா தங்கச்சி?"

"எரியலண்ணே."

பலாபத்வெல தாண்டியிருப்பாள் என்று தோன்றியதும் மறுபடி போட்டேன்.

"காரை ஓரங்கட்டிட்டுப் பேசுறேன். நீங்க இப்பிடி எடுத்துக்கிட்டே இருந்தா நான் கடைக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான். அவரை விட மோசமா இருக்கீங்கண்ணே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நீ கண்ணை மூடும்போது இந்தச் சந்தேகத்தையும் கூடவே கொண்டுபோயிருக்கக் கூடாதா, மச்சான்? போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கார் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தேன். காய்ந்துதான் கிடந்தது. இருந்தாலும் விரலால் தடவிப் பார்த்தேன்.