எட்டரை அடிக் கம்பியும் நான் எழுதாமல் விட்ட வரியும்

மக்கா,

இன்று எனக்கு டியூட்டி இல்லை. காலையில் பெட்ரோல் பங்க் பக்கத்துக் கஃபடேரியாவுக்கு டீ குடிக்கப் போனேன். வாசலில் ஒரு பழைய பிக்கப் நின்றது. அதன் பின் பம்பரில் கனமான ஒரு ஸ்பிரிங், அதற்குமேல் நெடுநெடுவென்று ஒரு ஸ்டீல் கம்பி, ரேடியோ ஆன்டெனா. நுனியை வளைத்து முன்பக்கத்தில் கயிற்றால் கட்டியிருந்தார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டே போய் அந்த ஸ்பிரிங்கை விரலால் அழுத்திப் பார்த்தேன். வண்டிக்காரன் வந்துவிட்டான். இருபத்தைந்து வயது இருக்கும், அரபிப் பையன். ரேடியோ இருக்கிறதா என்று கேட்டேன். "ரேடியோ மாஃபி. ஒன்லி ஸ்டைல்" என்று இல்லையெனக் கையை விரித்துச் சிரித்தான். கேபிள் பம்பருக்கு அடியிலேயே அறுந்து தொங்கியது.

அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் கம்பியிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே வருஷத்தில் விசா வந்தவர்கள். நான் இங்கே வளைகுடாவில், ருவைஸ் ரிஃபைனரியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். நீ ஒரு அரபியின் மீன்பிடி லாஞ்சில். கடலுக்குப் போனால் பதினைந்து நாள் கரை இல்லை. லாஞ்சுக்கு ஏது முகவரி? அதனால் உன் மனைவி புஷ்பத்தின் கடிதங்கள் என் கேம்ப் முகவரிக்கு வந்தன. நீ கரைக்கு வரும்போது ஒன்றுக்கு மூன்றாகச் சேர்த்து வாங்கிக்கொள்வாய். புதிதாகக் கல்யாணம் ஆனவனுக்குப் பதினைந்து நாள் என்பது என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை. உன் முகம் பார்த்துத்தான் புரிந்தது.

அப்படித்தான் அந்த ரேடியோ செட்டுகள் வந்தன. பாலைவனத்தில் லாரி ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த சிபி செட். லைசென்ஸ், போன் நம்பர் ஒன்றும் கேட்காது. மைக்கை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தால் மற்றவர் பேச முடியாது. முதலில் உன் லாஞ்சுக்கு ஒரு முழ நீளத்தில் சுருள் வைத்த சின்ன ஆன்டெனா போட்டோம். பார்க்க அழகு. லாஞ்ச் துறையைத் தாண்டுவதற்குள் உன் குரல் மணல் கொட்டுவதுபோல ஆகிவிட்டது. அப்புறம்தான் ஒரு உடைந்த வண்டியிலிருந்து அந்த எட்டரை அடிக் கம்பியைக் கழற்றி வந்தேன். உன் வீல்ஹவுஸ் கூரைமேல் அதை நட்டு, லாஞ்சின் அடியில் ஒரு செம்புத் தகட்டைப் பதித்துக் கடலோடு இணைத்தேன். கேம்ப் மொட்டைமாடியில் அலுமினியக் குழாயில் எனக்கொன்று செய்துகொண்டேன். மீட்டரை வைத்துப் பார்த்துப் பார்த்து, நுனியை இம்மி இம்மியாக அறுத்தது ஞாபகம் இருக்கிறதா? கேம்ப் பாஸ் கண்டும் காணாமல் இருந்தார்.

அதற்கப்புறம் அந்தக் கம்பி வேலை செய்ததை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு டார்ச் லைட்டுக்குப் போகிற அளவு கரண்டுதான். கரை கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆன பிறகும் நீ பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். நீ தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்கும். "நம்மள மாதிரிதான் மக்கா, உப்புத் தண்ணியில காலு நனைச்சாத்தான் இதுக்கும் பேச்சு வருது" என்றாய்.

டியூட்டி முடிந்து, வெயில் சாயும் நேரத்தில் மாடிக்குப் போய், காற்றில் பறக்காமல் கடிதத்தின்மேல் கட்டிங் பிளேயரை வைத்துக்கொண்டு உனக்கு வாசிப்பேன். ஒருத்தி தன் புருஷனுக்கு எழுதியதை இன்னொருத்தன் சத்தமாக வாசிப்பது. முதல் இரண்டு கடிதத்துக்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. சில வரிகளை விழுங்கினேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். "நடுவுல எதையோ முழுங்குத. அதையும் வாசி" என்றாய். அதன் பிறகு எதையும் விடவில்லை. நீ சொல்லச் சொல்ல உன் பதிலையும் நான்தான் எழுதி அனுப்புவேன். அதே சேனலில் இருந்த ஒரு பட்டாணிய லாரி டிரைவர், தினமும் என்ன ஓதுகிறாய், உங்கள் வேதமா என்று இந்தியில் கேட்டார். "கர் கி சிட்டி, பாய்" என்றேன். வீட்டுக் கடிதம் என்று தெரிந்தபின், நான் வாசிக்கும்போது அவர் ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை.

மகன் பிறந்ததையும் நான்தான் வாசித்தேன். அவன் கவிழ்ந்து படுத்ததை, தவழ்ந்ததை, பல் முளைத்ததை எல்லாம். நீ அவனைப் பார்த்ததில்லை. என் குரலில்தான் அவன் உனக்கு வளர்ந்தான்.

அந்தக் கடிதம் வந்த நாளில் மாடியில் உட்கார்ந்து, உன்னைக் கூப்பிட்டு, நீ பதில் சொன்ன பிறகுதான் உறையைக் கிழித்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். வாசிக்கத் தொடங்குமுன் கண் நாலாவது வரிக்குப் போய்விட்டது. அந்தச் செய்திக்கு முன்பே ஊரிலிருந்து தந்தி கொடுத்திருக்கிறார்கள். அது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. நான் மைக்கை அழுத்தி, ஆன்டெனாவில் ஏதோ கோளாறு, சரியாகக் கேட்கவில்லை, நாளைக்கு வாசிக்கிறேன் என்றேன். நீ மெதுவாகச் சொன்னாய்.

"எனக்கு நீ மூச்சு விடுதது வரைக்கும் கேக்கு மக்கா. ஆன்டெனா மேல பழிய போடாத. வாசி."

வாசித்தேன். குழந்தைக்குக் காய்ச்சல். ஒருநாள் கஷாயம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் நாகர்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அதற்குள் முடிந்துவிட்டது. கடைசி வரி: ஒரு நாள் பொறுத்தது என் தப்புதான், என்மேல் கோபமா என்று கேட்டிருந்தாள்.

நீ மைக்கை அழுத்தினாய். பேசவில்லை. விடவும் இல்லை. உன் இன்ஜின் சத்தமும் பலகையில் தண்ணீர் அடிக்கும் சத்தமும்தான் வந்துகொண்டிருந்தன. நீ அழுத்தியிருந்ததால் நானும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு உன் குரல் வந்தது.

"கோவம் இல்லன்னு எழுது. வேற என்ன வேணும்னாலும் எழுதிக்கோ. இத மொதல்ல எழுது. இன்னைக்கே எழுது."

அன்றே எழுதினேன் மக்கா. இரண்டு பக்கம். ஆண்டவரின் சித்தம் என்று எழுதினேன். தைரியமாக இரு என்று எழுதினேன். நீ சீக்கிரம் ஊருக்கு வருவாய் என்று எழுதினேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. கோபம் இல்லை என்று எழுதினால், கோபப்பட ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடுமே, புண்ணைத் தொட்டதுபோல ஆகிவிடுமே என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பெரிய புத்திசாலி என்று நினைப்பு. மறுநாள் சாயங்காலம், எழுதியாயிற்றா என்று நீ கேட்டாய். எழுதிவிட்டேன் என்றேன்.

உனக்கு லீவு கிடைக்க எட்டு மாதம் ஆனது. ஊருக்குப் போனபோது எல்லாம் எழுதித் தெரிவித்தாயிற்று என்ற நம்பிக்கையில், அதைப் பற்றி மறுபடி பேசி அவளை அழவைக்க வேண்டாம் என்று நீ இருந்திருக்கிறாய். அவள் உன் மௌனத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள், நீ வளைகுடாவை விட்டே போனாய், சொந்தமாகப் படகு வாங்கினாய். நான் ஒவ்வொரு லீவிலும் உன் வீட்டுக்கு வந்தேன். புஷ்பம் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தன் கடிதமெல்லாம் வாசித்தவன் என்ற கூச்சம் என்றுதான் நினைத்தேன்.

நீ இறந்த செய்தி வந்தபோது பிளான்டில் ஷட்டவுன். லீவு கிடைக்கவில்லை. ஒன்பதாம் நாள் புஷ்பம் போன் செய்தாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் போனில் பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். மகன் போனப்ப நான் எழுதின லெட்டர நீங்கதானே அவருக்கு வாசிச்சீங்க?"

ஆமாம் என்றேன்.

"அவரு என்ன சொன்னாரு? அவருகிட்ட கேக்க எனக்குக் கடைசி வரைக்கும் பயமாவே இருந்துது."

சொன்னேன். உன் வார்த்தைகளை அப்படியே சொன்னேன். என் கடிதத்தில் ஏன் அது இல்லை என்பதையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இருக்கிறேன் என்றாள்.

"அன்னைக்கேவா எழுதச் சொன்னாரு?"

"அன்னைக்கே."

"செரி அண்ணே. வைக்கேன்."

ஒரு சொல் திட்டவில்லை. அன்றிலிருந்து அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் இருப்புக்கொள்ளவில்லை. நாலு பேர் படுத்த அறையில் இப்போது நான் ஒருவன்தான். சென்னையிலிருந்து மனைவி வீடியோவில் வருவாள், சாப்பிட்டாயா என்பாள், சாப்பிட்டேன் என்பேன். அதற்குமேல் இருவருக்கும் பேச இருப்பதில்லை. உன்னிடம்தான் இதைப் பேச முடியும். நீயோ இல்லை.

மூன்று வாரம் கழித்து உன் மூத்த மகள் கூப்பிட்டாள். அம்மா பெட்டியைத் திறந்து, அந்தக் காலத்தில் நான் எழுதிய கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறார்களாம். விட்டுப்போன வரியை இப்போது எழுதி அனுப்பச் சொன்னார்களாம். போனில் சொன்னது போதாதா என்று மகள் கேட்டதற்கு, இல்லை, பேப்பரில் வேண்டும் என்றாளாம் புஷ்பம்.

எழுதினேன். இரண்டு மாதத்துக்குமேல் பல தாள்களைக் கிழித்த பிறகு, நீ சொன்னதைத் தவிர வேறு ஒன்றும் தேவையில்லை என்று தெரிந்தது. உனக்குக் கோபம் இல்லை, அன்று முதலே இல்லை. அவ்வளவுதான். போன வாரம் தபாலில் சேர்த்தேன். நேற்று மகள் கூப்பிட்டு, கிடைத்துவிட்டது, அம்மா வாசித்துவிட்டு மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்றாள்.

உன் வார்த்தையை நடுக்கடலிலிருந்து ஒரு எழுத்து சிந்தாமல் அந்தக் கம்பி கொண்டுவந்து கொடுத்தது. கையில் வாங்கிய நான்தான் அவளுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். இப்போது சேர்த்துவிட்டேன். ஆனால் அவள் உன் பக்கத்திலேயே பயந்துகொண்டு படுத்திருந்த அத்தனை வருஷத்தையும் என்ன செய்வது என்று தெரியவில்லை மக்கா. அதைச் சேர்க்க ஒரு முகவரி இல்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.