சாவு வீட்டில் வந்த சிரிப்பு

அன்புள்ள சந்திரம்மாளுக்கு,

ஸ்ரீரங்கத்து வாட்ச்மேன் அறையில் நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாலை வகுப்பில் எழுத்துப் படித்து நானே எழுதும் முதல் கடிதம் இது. கோணலாக இருந்தாலும் எனக்கு ஒரே சந்தோஷம். மகள் பிரேமலதா உனக்கு வாசித்துக் காட்டட்டும்.

கிணற்றை மூடச் சொல்லித் தம்பி மேல் நாம் போட்ட வழக்குக்காகத் திங்கட்கிழமை திருச்சி சமரச மையத்துக்குப் போனேன். தம்பியும் வந்திருந்தான். இரண்டு பக்கமும் சமரசம் பேசிவைக்கும் அனுசுயா அம்மா, அந்தக் கிணற்று மோட்டாரில் ஷாக் அடித்து நம் மகன் அன்புச்செல்வன் எப்படி இறந்தான் என்று கேட்டார். வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவன் சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் எனக்கு வந்த அதே சிரிப்பு.

"பாத்தீங்களாம்மா? பெத்த புள்ள செத்ததுக்குச் சிரிக்கிறாரு. இவருகிட்ட என்னத்தப் பேசுறது?" என்று தம்பி எழுந்தான்.

"உக்காருங்க. இது சந்தோஷச் சிரிப்பு இல்ல. தாங்க முடியாதப்ப சிலருக்கு உடம்பு இப்படிப் பண்ணும். எடுத்த எடுப்புல நான் அதைக் கேட்டிருக்கக் கூடாதுங்கய்யா," என்றார் அனுசுயா அம்மா.

தண்ணீர் கொடுத்தார். என் கை மரத்துக் கிடந்தது. தம்பிதான் டம்ளரைப் பிடித்துக்கொண்டான். எனக்கு உள்ளே ஒன்றும் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

கவலைப்படாதே, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். போர்வை ஒன்று கொடுத்தனுப்பு. சாவு வீட்டில் நான் சிரித்த அன்றிலிருந்து நீ என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அடுத்த முறை உன்னையும் வரச் சொன்னார்கள். வந்தால் என் பக்கத்து நாற்காலியில் உட்கார். எனக்குச் சிரிப்பு வந்தால் கையைப் பிடித்துக்கொள்.

கார் ஹாரன் அடிக்கிறது, கேட்டைத் திறக்க வேண்டும்.

மதுரைவீரன்